எந்தச் சாமிக்கும் சேராத லீவு

பெண்கள் வரிசை ஓரடி நகர்ந்தாலும் நான் மணி கேட்கிறேன். ஏழு மணிக்கே வந்துவிட்டோம், ஓட்டுச்சாவடி என்பது எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பள்ளிக்கூடம்தான், இருந்தாலும் ஊரே எங்களுக்கு முன்னால் எழுந்து வந்து நின்றுகொண்டது. இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள், நடுவில் பந்தல்காரர்கள் குறுக்கே கட்டிவிட்டுப் போன சவுக்குக் கட்டை. கட்டைக்கு அந்தப் பக்கம் என்னைவிட ஐந்து பேர் முன்னால் நிற்கிறாளே, மாம்பழக் கலர் புடவை, ஈரத் தலையைத் துண்டால் சுற்றாமல் அப்படியே முடிந்து போட்டிருக்கிறாளே, அவள்தான் என் மனைவி சாந்தாமணி. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் லீவு என்பது அபூர்வத்திலும் அபூர்வம், அப்படி வந்த நாளிலும் எங்களைப் பிரித்து ஆளுக்கொரு வரிசையில் நிறுத்திவிட்டது சர்க்கார். அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று பார்க்கிறேன். பார்க்கவில்லை. கழுத்துக்குப் பின்னால் முடிச்சிலிருந்து தண்ணீர் சொட்டி ஜாக்கெட்டில் ஒரு ரூபாய் அகலத்துக்கு நனைந்திருக்கிறது, அதை யாராவது சொன்னால் தேவலை, அவளுக்குச் சளி பிடிக்கும், பிடித்தால் ஒரு வாரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பனியன் தைப்பாள். எனக்கு முன்னால் நிற்கும் அர்த்தநாரி கைக்கடிகாரம் கட்டியிருக்கிறான், தெருமுனையில் தையல் கடை வைத்திருப்பவன், அவனிடம் மணி கேட்டால் எட்டு பத்து என்கிறான், ஐந்து நிமிஷத்துக்கு முன்னாலும் நான் கேட்டேன் என்பதைச் சொல்லாமல் விட்டான். நல்ல மனுஷன்.

மணி எனக்கு எதற்கென்றால் பேக்கரி முக்கில் ஒரு வெள்ளை வேன் நிற்கிறது. சாந்தாமணி வேலை செய்கிற பனியன் கம்பெனி வேன். தேர்தல் நாளன்று எல்லாக் கம்பெனியும் சம்பளத்தோடு லீவு விட வேண்டும் என்பது சட்டம், அவள் கம்பெனியிலும் அப்படித்தான் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள், முத்திரை எல்லாம் போட்டு. நோட்டீஸ் ஒட்டின அன்றைக்குச் சாயங்காலமே சூப்பர்வைசர் லைன் லைனாக வந்து வாயால் வேறொன்று சொன்னாராம். கப்பலுக்கு அனுப்புகிற சரக்கு முடியவில்லை, கட்டாயம் எதுவும் இல்லை, ஓட்டுப் போட்டுவிட்டு விருப்பப்பட்டவர்கள் வரலாம், வேன் ஒன்பதரை வரைக்கும் நிற்கும், வருகிறவர்களுக்கு வேறொரு நாள் லீவு தருகிறோம். விருப்பப்பட்டவர்கள் யார் யார் என்று அப்புறம் கணக்குப் பார்ப்பார்கள் என்பது கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். வேறொரு நாள் லீவு என்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, எங்கள் மில்லிலும் அதைத் தருவார்கள், இதுவரைக்கும் நான் கண்ணால் பார்த்ததில்லை. நேற்று சாப்பிடும்போது சாந்தாமணி இதைச் சொன்னாள். ரசத்தைப் பிசைந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "போகலாமா வேண்டாமான்னு இருக்குதுங்க" என்றாள். ஒரு வார்த்தை, போகாதே அம்மிணி என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் நான் என்ன சொன்னேன்? "உன்ற இஷ்டம்" என்றேன். சொன்னதும் இல்லாமல் அப்பளத்தை நொறுக்கினேன். அவளும் "பாக்கலாம்" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். காலையில் சாப்பாட்டுப் பையை எடுத்தாளா இல்லையா என்று நான் சரியாகப் பார்க்கவில்லை. இப்போது அவள் தோளில் ஒரு பை தொங்குகிறது. அதில் டிபன் பாக்ஸ் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கொஞ்சம் புடைப்பாகத்தான் தெரிகிறது. போன் பண்ணிக் கேட்கலாம் என்றால் சாவடிக்குள் போன் கூடாது என்று இரண்டு பேர் போனையும் மகளிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். கூப்பிட்டுக் கேட்கலாம் என்றால் என் குரல் அப்படிப்பட்ட குரல் இல்லை. ஸ்பின்னிங் மில்லில் பதினேழு வருஷமாக ஃபிட்டர் வேலை, மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, நான் ரகசியம் பேசினால் பக்கத்து வீட்டில் பதில் சொல்வார்கள்.

அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு, எனக்குச் செவ்வாய்க்கிழமை. எங்கள் கல்யாண வாழ்க்கையை இதற்குமேல் சுருக்கமாகச் சொல்ல முடியாது. மில்லை நிறுத்த முடியாது, நூல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அதனால் ஆளுக்கொரு கிழமை என்று பிரித்து விட்டிருக்கிறார்கள். ஞாயிறு வேண்டும் என்று எழுதிக் கொடுத்து ஏழு வருஷம் ஆகிறது, எனக்கு முன்னால் பதினாறு பேர், அந்த வரிசையும் இப்படித்தான், நகராது. எங்கள் மகள் மிதுனா ஆறாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் எழுதி வைத்திருந்தாள், எங்கள் வீட்டில் வாரத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை, ஒன்றில் அம்மா இருப்பார், ஒன்றில் அப்பா இருப்பார் என்று. டீச்சர் அதற்கு நன்று என்று போட்டுச் சிவப்பு மையில் டிக் அடித்திருந்தார். எனக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது, நோட்டை மூடி வைத்துவிட்டேன். சாந்தாமணியின் ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை மிச்சமிருக்கும் குழம்பை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன், ஓ, நேற்று கறி எடுத்திருக்கிறாள், ஓ, மிதுனாவுக்கு எண்ணெய் தேய்த்திருக்கிறாள், தலையணையில் சீயக்காய் வாசனை. என் செவ்வாய்க்கிழமையும் அவளுக்கு அப்படித்தான். புதன்கிழமை காலையில் குழாய் சொட்டாமல் இருந்தால், ஓஹோ, அய்யா நேற்று வாஷர் மாற்றியிருக்கிறார். ஒருமுறை அவளுடைய டிபன் பாக்ஸ் மூடி சரியாக மூடவில்லை என்று ஒரு செவ்வாய் முழுக்க உட்கார்ந்து தட்டித் தட்டிச் சரிப்படுத்தி வைத்தேன்.  அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னுடைய யூனிபார்ம் சட்டைக்குப் பொத்தான் எல்லாம் புதுசாக மாற்றி, உள்பக்கம் ஒரு பாக்கெட் வைத்துத் தைத்திருந்தாள், பீடி வைக்க அல்ல, பஞ்சு அடைக்காமல் போன் வைக்க. இப்படித்தான் நாங்கள் பேசிக்கொள்கிறோம், ஒரு கிழமை விட்டு ஒரு கிழமை.

வரிசை நகர்கிறது. ஒரு பெண், ஓர் ஆண் என்று மாற்றி மாற்றி விடுகிறார்கள். அவளுக்கு முன்னால் இன்னும் பன்னிரண்டு பேர். அர்த்தநாரி, மணி என்ன? எட்டு முப்பத்தஞ்சுங்கண்ணா. தீபாவளி, பொங்கல் இருக்கிறதே, அன்றைக்கு மில்லே நின்றுவிடும், இரண்டு பேருக்கும் லீவுதானே என்று கேட்கலாம். கேட்பவர்கள் என் மாமியார் வீட்டைப் பார்த்ததில்லை. தீபாவளி என்றால் பவானிக்குப் போக வேண்டும், நான் முன் ரூமில் மாமனாரோடு உட்கார்ந்து டிவியில் பட்டிமன்றம் பார்ப்பேன், அவள் சமையல்கட்டில் அக்கா தங்கைகளோடு இருப்பாள், இரண்டு நாளில் எங்களுக்குள் நடக்கும் ஒரே பேச்சு, "சோப்பு எங்க இருக்குது?" பொங்கலுக்கு என் அண்ணன் வீடு, அங்கேயும் சோப்புதான். லீவு என்று பேர், ஆனால் ஒவ்வொரு லீவுக்கும் ஒரு சாமி இருக்கிறது, சாமிக்குப் படையல் இருக்கிறது, படையலுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். சுதந்திர தினம், குடியரசு தினம் எல்லாம் அவளுக்கு உண்டு, எங்கள் மில்லில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்து உள்ளே அனுப்பிவிடுவார்கள். ஆனால் இந்த லீவு இருக்கிறதே, இது எந்தச் சாமிக்கும் சேராத லீவு. எண்ணெய் தேய்க்க வேண்டாம், பலகாரம் சுட வேண்டாம், புதுத்துணி வேண்டாம். எவனும் விருந்துக்கு வரமாட்டான், அவனவன் ஊரில் அவனவன் ஓட்டு. சாராயக் கடைக்கும் லீவு, அதனால் என் மச்சான்கூட எட்டிப் பார்க்க மாட்டான். தேர்தல் கமிஷன் இதையெல்லாம் யோசித்துச் செய்திருக்காது, இருந்தாலும் எனக்கு அவர்கள் மேல் மரியாதை வந்தது. தேதி அறிவித்த அன்றைக்கே காலண்டரில் அந்த வியாழக்கிழமையைப் பேனாவால் வட்டம் போட்டேன். சாந்தாமணி பார்த்துவிட்டு, "ஓட்டுப் போடறதுக்கு உங்களுக்கு இத்தன ஆசைங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். என்ன செய்யப் போகிறோம் என்று கேட்டால் ஒன்றும் இல்லை. மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்குக் கீழே பாயைப் போட்டுப் படுக்க வேண்டும், அவ்வளவுதான். அவள் மத்தியானத்தில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. தூங்கும்போது வாயைத் திறந்துகொண்டு தூங்குவாள் என்று மிதுனா சொல்லியிருக்கிறாள், வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

கம்பு ஊன்றின ஒரு வயதான அம்மாவை யாரோ கூட்டிவருகிறார்கள், சாந்தாமணி சட்டென்று ஒதுங்கி, "இப்படி வாங்கம்மா, முன்னால போங்க" என்று தனக்கு முன்னால் விடுகிறாள். அவள் குணம் அது. பஸ்ஸில் சீட்டுக் கிடைத்தாலும் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நல்லதாகப் போயிற்று, மூன்று நிமிஷம் தள்ளிப்போனது. பின்னாலேயே வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண், அதற்கும் வழி. இன்னும் மூன்று நிமிஷம். நான் இப்படி நிமிஷம் நிமிஷமாகச் சேர்ப்பதைப் பார்த்தால் யாரும் என்னைப் பெரிய மனுஷன் என்று சொல்ல மாட்டார்கள். ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லாதவன், நொண்டிகளும் கர்ப்பிணிகளும் வந்து என் லீவைக் காப்பாற்ற வேண்டும் என்று நின்றுகொண்டிருக்கிறேன். ஏன் சொல்லவில்லை? சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை இருக்கிறதே. எதை நினைத்தாலும் கடைசியில் போய் அந்தச் செவ்வாய்க்கிழமையில்தான் முட்டுகிறேன். போன ஆவணியில் ஒரு செவ்வாய். மில்லில் மாரப்பன் முந்தின நாள் வந்து, மகளைக் காலேஜில் சேர்க்கப் போகணும், நாளைக்கு என் ஷிப்டைப் பாத்துக்குவீங்களா என்றான், வேறு ஒருநாள் அவன் என்னுடையதைப் பார்ப்பான், இதெல்லாம் எங்களுக்குள் சகஜம். சரி என்றேன். வீட்டில் வந்து சொல்லவில்லை, சொல்ல என்ன இருக்கிறது, அவள்தான் செவ்வாயன்று வேலைக்குப் போய்விடுவாளே, நான் வீட்டில் இருந்தால் என்ன, மில்லில் இருந்தால் என்ன. ஆறு மணிக்கு அவள் குளிக்கப் போயிருந்தபோது சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். சாயங்காலம் வந்தால் கொத்துக்கறி, ரசம், முட்டை, பாயசம். என்ன விசேஷம் என்றேன். "சும்மாங்க" என்றாள். நானும் நன்றாகச் சாப்பிட்டேன். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். இன்றைக்கு அதை நினைத்தால்தான் எரிச்சலாக இருக்கிறது, அந்த இரண்டாவது தரம்.

அடுத்த மாசம் அவளுடைய சம்பளச் சீட்டில் சி.எல். ஒன்று என்று இருந்தது. சம்பளத்தோடு எடுக்கிற சொந்த லீவு, வருஷத்துக்கு அவளுக்கு ஏழோ எட்டோ, அதைக் காய்ச்சலுக்குக்கூட எடுக்க மாட்டாள், மிதுனாவுக்கு வேண்டும், மிதுனாவுக்கு வேண்டும் என்று சேர்த்து வைப்பாள். எதற்கு எடுத்தாய் என்றேன், "தலைவலிங்க" என்றாள். மிதுனாதான் சொன்னாள், கணக்குப் போட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல், "தலைவலியும் இல்ல ஒண்ணும் இல்லீங்கப்பா. அப்பா லீவன்னிக்கு நானும் லீவு போட்டிருக்கேன், அப்பாகிட்டச் சொல்லாதன்னு அம்மா சொன்னாங்க. குளிச்சுட்டு நல்ல சேல கட்டிட்டு வந்து பாத்தாங்க. நீங்க இல்ல." நல்ல சேலை என்றால் இதே மாம்பழக் கலர் புடவை. மத்தியானம் தனியாக உட்கார்ந்து என்ன செய்திருப்பாள்? என் செவ்வாய்க்கிழமைக்குள் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து, குழாய் சொட்டுகிறதா என்று பார்த்திருப்பாளோ? எனக்கு அது தெரியும் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. மிதுனாவைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன், நிஜம் அதில்லை, வெட்கம். இப்படிப்பட்டவன் நேற்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு போகாதே என்று சொல்வது? அவள் எனக்காக ஒரு லீவைப் போட்டாள், நான் மாரப்பனுக்காகப் போனேன். இன்றைக்கு அவள் சூப்பர்வைசருக்காகப் போனால் அது சரிக்குச் சரி. அப்படி நினைக்கிறவளா? நினைக்க மாட்டாள். நினைக்க மாட்டாள் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

இப்போது என்ன? பேன்ட் போட்ட ஒரு காலேஜ் பெண், முதல் ஓட்டுப் போல, பூத் சிலிப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்கிறது, அதையும் முன்னால் விடுகிறாள். அதற்குக் காலும் நன்றாக இருக்கிறது, கையும் நன்றாக இருக்கிறது. போகட்டும், முதல் ஓட்டு, ஆசையாக இருக்கும். அடுத்தது அர்த்தநாரியின் மனைவி. அவனே திரும்பிச் சொல்கிறான், "ஏனுங்க குப்புராஜண்ணா, என்ற ஊட்டுக்காரிய உங்க ஊட்டுக்காரம்மா முன்னால உட்டுட்டாங்க பாருங்க." எதற்கு என்றேன். "அதாந் தெரியலீங்." எனக்குத் தெரிந்துவிட்டது. அவளோடு ஒரே லைனில் தைக்கிற கவுசல்யா, அவள் பின்னால் எங்கேயோ நிற்க வேண்டும். கவுசல்யா வரட்டும், இரண்டு பேரும் சேர்ந்து ஓட்டுப் போட்டுச் சேர்ந்து வேன் ஏறலாம் என்று நிற்கிறாள். அப்படியானால் போவது என்று முடிவே செய்துவிட்டாள். பையில் இருப்பது டிபன் பாக்ஸ்தான். நான் தட்டிச் சரிப்படுத்தின அதே பாக்ஸ். காலையில் மிதுனா ஆட்டோவுக்குக் கையாட்டுகிற மாதிரி எங்களுக்குக் கையாட்டி, "சீக்கிரம் வந்துருங்க, மூணு பேரும் பல்லாங்குழி ஆடலாம்" என்றாளே, அவளிடம் நான் தனியாகப் போய் என்னவென்று சொல்வேன்? அம்மாவுக்கு விருப்பம் இருந்தது என்றா? வேன் ஹாரன் அடிக்கிறது. ஒன்று. இரண்டு. அர்த்தநாரி, மணி? "ஒம்போது இருவத்தஞ்சுங்." அவனுக்குப் பின்னால் நான், எனக்கு முன்னால் அவன் ஒருவன்தான் பாக்கி, ரூம் வாசல் தெரிகிறது, உள்ளே மேஜை, மை பாட்டில், விசிறிக்கொண்டிருக்கும் ஒரு டீச்சரம்மா எல்லாம் தெரிகிறது. ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் நின்று வந்த இடம். நாளைக்கு மில்லில் விரலைக் காட்ட வேண்டும், மை இருந்தால்தான் இன்றைக்குச் சம்பளம், இல்லாவிட்டால் ஊர் சுற்றினான் என்று போட்டுவிடுவார்கள். இன்னும் ஒரு நிமிஷம் பொறுத்தால் முடிந்தது. முடியவில்லை. என்னால் ஒரு நிமிஷம் பொறுக்க முடியவில்லை. "அண்ணா, லைன் போயிருமுங்க!" என்று அர்த்தநாரி கத்துகிறான், போகட்டும், நான் வரிசையிலிருந்து வெளியே வந்துவிட்டேன், சவுக்குக் கட்டையைப் பிடித்துக்கொண்டு பெண்கள் பக்கம் நடக்கிறேன், போகாத அம்மிணி, போகாத அம்மிணி, வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன், மெதுவாகச் சொல்ல வேண்டும், ஊர் சிரிக்கக் கூடாது.

கவுசல்யா ஏற்கெனவே ஓட்டுப் போட்டுவிட்டிருக்கிறாள். கேட்டுக்குப் பக்கத்தில் நின்று விரலை ஊதிக்கொண்டே கூப்பிடுகிறாள். "ஏனுங்க்கா, வேன் கிளம்புது, வர்லீங்களா?" சாந்தாமணி வாசற்படிக்கு முன்னால் நிற்கிறாள். அவளுக்கு முன்னால் ஓர் ஆள்கூட இல்லை. கதவு திறந்திருக்கிறது, உள்ளே டீச்சரம்மா அடுத்தவர் வாங்க என்று கையாட்டுகிறார். சாந்தாமணி கவுசல்யா பக்கம் திரும்பி, முகத்தை அவ்வளவு வருத்தமாக வைத்துக்கொண்டு சொல்கிறாள்.

"நா என்ன கண்ணு பண்றது, வரிச நகரவே மாட்டீங்குது. நீங்கல்லாம் போங்க. சூப்பர்வைசர்கிட்டச் சொல்லீரு, அக்கா லைன்ல மாட்டிக்கிட்டாங்கன்னு."

சொல்லிவிட்டுத் தனக்குப் பின்னால் நின்ற பெண்ணையும், அந்தப் பெண் வேண்டாம் வேண்டாம் என்கிறாள், தோளைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டாள். நான் கட்டையைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். கம்பு ஊன்றின அம்மா, கர்ப்பிணி, காலேஜ் பெண், அர்த்தநாரியின் மனைவி, இப்போது இவள். நான் அந்தப் பக்கம் நின்று நிமிஷம் சேர்த்துக்கொண்டிருந்தேன், அவள் இந்தப் பக்கம் நின்று ஆள் ஆளாகச் சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. வேன் கிளம்பி, கியர் மாற்றி, பேக்கரியைத் தாண்டிப் போகிற சத்தம் கேட்டது. அதுவரைக்கும் சாந்தாமணி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றாள். சத்தம் தேய்ந்த பிறகுதான் திரும்பினாள். திரும்பினால் நான்.

"ஏனுங்க, லைன உட்டுட்டு எதுக்குங்க வந்தீங்க? இன்னும் ஒருத்தர்தான இருந்தாங்க!"

என்னைப் பார்க்கவே இல்லை என்று நினைத்தேனே, எனக்கு முன்னால் எத்தனை பேர் என்பதுவரைக்கும் கணக்கு வைத்திருக்கிறாள். போகாதே என்று சொல்ல வந்தேன், அதற்கு இப்போது வேலையில்லை. வேறு எதுவும் தயாராக இல்லை. அதனால் உள்ளே இத்தனை நாளாக இருந்ததுதான் வாய்க்கு வந்தது. "அந்தச் செவ்வாக்கிழம எனக்குத் தெரியும் அம்மிணி." மெதுவாகத்தான் சொன்னேன் என்று சத்தியம் செய்வேன். இரண்டு வரிசையும் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தது. வாசலில் நின்ற போலீஸ்காரரும் பார்த்தார், செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று அவருக்கும் தெரிய வேண்டும் போல இருந்தது. சாந்தாமணிக்குக் காதோரம் சிவந்துவிட்டது. கண்ணும் கொஞ்சம். புடவைத் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"ஊருக்கே சொல்லுங்க" என்றாள். அப்புறம், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "பாயசம் நல்லா இருந்துச்சுன்னு அன்னிக்குச் சொன்னீங்கல்ல, அது போதுமுங்க. போங்க, கடைசில போய் நில்லுங்க. ஓட்டுப் போடாம வந்தீங்கன்னா நாளைக்கு மில்லுல எந்த விரலக் காட்டுவீங்க?"

போனேன். வரிசை பள்ளிக்கூடக் காம்பவுண்டைத் தாண்டி வேப்பமரம் வரைக்கும் நீண்டிருந்தது, எனக்கு முன்னால் நாற்பது பேராவது இருப்பார்கள், வெயில் வேறு ஏறிவிட்டது. இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வரிசையின் கடைசியிலும் நின்றதில்லை. அர்த்தநாரி விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டே வெளியே வந்தான், என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு போனான். கொஞ்ச நேரத்தில் அவள் வந்தாள். வீட்டுக்குப் போவாள், அரிசி ஊறப்போடுவாள் என்று நினைத்தேன். நேராக வந்து என் பக்கத்தில் நின்றாள். பையைத் திறந்தாள், அதில் டிபன் பாக்ஸ் இல்லை, தண்ணீர் பாட்டிலும் ஒரு துண்டும் இருந்தன. துண்டை எடுத்து ஒரு முனையை என் தலையில் போட்டு, மறு முனையால் தன் ஈர முடிச்சைத் துவட்டிக்கொண்டாள். கொத்துக்கறி எடுத்துக்கலாமா, கோழி எடுத்துக்கலாமா என்று கேட்டாள். மிதுனா பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை தேடி அலமாரியைக் கவிழ்த்திருப்பாள் என்றாள். குழாய் மறுபடி சொட்டுகிறது என்றாள். கல்யாணமான பதினாலு வருஷத்தில் ஒரு வியாழக்கிழமை காலையில் அவள் எப்படிப் பேசுவாள் என்று எனக்குத் தெரிந்ததே இல்லை, வேகமாகப் பேசுகிறாள், நடுநடுவே அவளே சிரித்துக்கொள்கிறாள். முப்பது பேர் பாக்கி இருக்கும்போது அந்தப் போலீஸ்காரர் வந்துவிட்டார்.

"ஏம்மா, இது ஆம்பளைங்க வரிசை. இங்க எதுக்கு நிக்கற? ஓட்டுப் போட்டாச்சுன்னா கிளம்பு."

சாந்தாமணி இடது கையை அவர் முகத்துக்கு நேராகத் தூக்கினாள். ஆட்காட்டி விரலில் மை பளிச்சென்று இருந்தது.

"போட்டாச்சுங்க சார்" என்றாள். "எனக்கு இன்னிக்கு லீவுங்க."

அவர் விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே நிழலுக்குப் போய்விட்டார். வரிசை ஓரடி நகர்ந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஓரடி நகர்ந்தோம்.